நம்ம ஊரு வண்டி

காலை ஆறு பத்துக்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். இரண்டு கோப்பைகளில் தேநீர்ப் பைகளை வைத்தேன். எனக்கு ஒரு சர்க்கரை, அவளுக்குக் கிடையாது. நாய்க்குச் சாப்பாடு வைத்தேன். ஓட்ஸ் கஞ்சி கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. என் மனைவி ஹெஸ்டர் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அதையே சாப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பனிமூட்டம். நவம்பர் மாதத்து வியாழக்கிழமை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மஞ்சள் ஒளிச்சட்டையை மாட்டிக்கொண்டாள். வேகம் அளக்கும் துப்பாக்கியைச் சார்ஜரிலிருந்து எடுத்தாள். கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

"இன்னிக்கு பச்சைக் குப்பைத் தொட்டிடா. கறுப்பு இல்ல. போன வாரம் மாதிரி சொதப்பிடாதே."

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆனால் அவள் கடைசியாகச் சொன்னது அது இல்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. தெரிந்துகொள்ள ஒரு விலையும் கொடுத்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இந்தப் பம்பு அறை குளிரும், ஹீட்டர் பக்கம் நெருங்கி உட்காருங்கள். பம்பு ஒழுங்காகத்தான் ஓடுகிறது. வெள்ளம் அளவுப் பலகையின் அடுத்த கோட்டைத் தொட இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். இதுவரை நீங்கள் சொன்ன பேய்க் கதையெல்லாம் சிநேகிதனின் அத்தைக்கு நடந்தது, மைத்துனனின் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது. இது எனக்கு நடந்தது. நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

ஸ்கெல்தோர்ப் சாலை உங்களுக்குத் தெரியும். நம் வடிகால் வாரியத்தில் எல்லோரும் அந்தக் கரையில் வேலை பார்த்திருக்கிறோம். இரண்டு மைல், ஒரு வளைவுகூட இல்லை. ஒரு பக்கம் முட்டைக்கோஸ் வயல், மறுபக்கம் வடிகால். ஊர் தொடங்கும் இடத்தில் சாலை சட்டென்று வலப்பக்கம் திரும்பும். அங்கே 'முப்பது' என்று பலகை இருக்கும். முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாது. பலகைக்குப் பக்கத்தில் கடைசி வீடு நெவிலுடையது. அதற்கடுத்தது வின்னியின் பப்.

பேருந்து நிழற்குடையில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. மாதம் பிறந்தால் நெவில் அதைத் திறந்து ஒரு தாளைக் குத்துவார். 'சென்ற மாதம் ஸ்கெல்தோர்ப்பில் நடந்த குற்றங்கள்: 0.' நாற்பத்தொரு மாதங்களாக அதே பூஜ்யம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர்க்காவல் குழு என்றால் அவர்தான். சாவியும் அவரிடம்தான்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீசல் திருட்டுப் போனால் நெவிலிடம் சொல்வார்கள். பப்பில் ஒருவன் இன்னொருவன் மூக்கை உடைத்தால் வின்னி துணியில் ஐஸ் சுற்றிக் கொடுப்பாள். போலீசுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். காப்பீடு குறைவு, வீட்டு விலை அதிகம். எல்லோருக்கும் லாபம்.

ஹெஸ்டர் கிரிம்ஸ்பி துறைமுகத்துப் பெண். இதெல்லாம் அவளுக்கு ஒத்துவரவில்லை.

ஒருநாள் பப்பில் நெவில் அவளைச் சீண்டினார். "உங்க ஊர்ல கதவுக்கு நாலு பூட்டு. இங்க பாரும்மா, நான் வீட்டைப் பூட்டினதே கிடையாது."

"பூட்டே வேணாம்னா பண்ணைக்கார ஸ்வேபி எதுக்கு டீசல் டேங்குக்கு மூணு கேமரா வச்சிருக்கான்? டேங்க் அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கவா?"

வின்னி கல்லாவுக்குப் பின்னால் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நெவிலும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதமும் தாளில் பூஜ்யம்தான்.

வேகக் காவல் என்பது ஊர்க்காரர்களே சாலையோரம் நின்று வண்டிகளின் வேகத்தை அளப்பது. அதற்கு மூன்று பேர் வேண்டும். துப்பாக்கியைப் பிடித்து வேகத்தைக் கூவுவது ஹெஸ்டர். வண்டி நம்பரைப் படிப்பது வின்னி. அட்டையில் தாளை வைத்து எழுதுவது நெவில். தாள் போலீசுக்குப் போகும். அவர்கள் வண்டிக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். அவ்வளவுதான் நடைமுறை.

அதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தெரிந்த வண்டி வந்தால் வின்னி நம்பரைப் படிக்க மாட்டாள். "நம்ம ஊரு வண்டி" என்பாள். உடனே நெவில் பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிடுவார். வண்டி போகும் வரை பேனா அப்படியே அந்தரத்தில் நிற்கும். பிறகு இறங்கும்.

அதிகம் தூக்கியது ஸ்வேபிக்காகத்தான். அந்தக் கோஸ் வயல்களெல்லாம் அவனுடையவை. ஊராட்சித் தலைவன். பச்சை ஜீப். நாற்பத்தைந்துக்குக் கீழே அவன் போய் நான் பார்த்ததில்லை.

ஹெஸ்டர் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, அவளே ஒரு தாளை எழுதிச் சமையலறை மேஜையில் வைத்தாள். பச்சை மை. அவளுக்கு எப்போதும் பச்சை மைதான். ஸ்வேபியின் நம்பர், தேதி, வேகம்.

"அனுப்பட்டுமா?" என்றாள்.

நான் அந்த ஊரில் பிறந்தவன். "விடு ஹெஸ்டர். நம்ம ஆளு" என்றேன்.

தாளை நான்காகக் கிழித்துக் காகிதத் தொட்டியில் போட்டாள். எந்தத் தொட்டியில் எதைப் போடுவது என்பதில் அவள் தவறுவதே இல்லை.

அந்த வியாழக்கிழமை... வேகக் காவல் பலகைகளை முன்கூட்டியே நட்டு வைக்கத் தனியாகப் போனாள். மற்ற இருவரும் ஏழரைக்கு வருவதாக ஏற்பாடு.

ஏழு நாற்பதுக்கு நெவில் என் கதவைத் தட்டினார். அவர் வாய் அசைந்தது. முழங்கால்கள் இரண்டும் ஈரமாக இருந்தன. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பன்னிரண்டுக்கு அவளை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவள் கைக்கடிகாரம் அந்த நேரத்தில் நின்றிருந்தது.

வெள்ளை வேன் என்றார்கள். மூன்று பேர் பார்த்திருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து வின்னி. தன் வாசலிலிருந்து நெவில். எதிரே ஜீப்பில் வந்ததாக ஸ்வேபி. எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் அங்கே ஒரு வெள்ளை வேன் நின்றதாகச் சொல்வார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. நானும் படவில்லை. மூன்று மாவட்டங்களில் போலீஸ் அந்த வேனைத் தேடியது.

நெவில் போலீசிடம் எழுதிக் கொடுத்தார்: 'நான் போகும்போதே உயிர் இல்லை.'

அடக்கம் முடிந்து ஊர்க்கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்தார்கள். நெவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா உன் பேரைத்தான் சொன்னா தம்பி. ரோவன்னு. ரெண்டு தடவை."

நன்றி சொன்னேன்.

மூன்று நாள் கழித்துக் கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. போகும்போதே உயிர் இல்லையென்றால் என் பெயரை யார் சொன்னது?

ஈரக் கையோடு போய்க் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தார். "துக்க வீட்டுல ஆறுதலுக்கு ஏதாவது சொல்றதுதான் தம்பி. அதைப் போயி கிளறிக்கிட்டு..."

"அவ எதாவது சொன்னாளா இல்லையா?"

"ஒண்ணும் சொல்லல" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

டிசம்பர் முதல் தேதி பேருந்து நிழற்குடையில் புதுத் தாள். குற்றங்கள்: 0. கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நெவில் வந்தார். "சாலை விபத்து இந்தத் தலைப்புல வராது தம்பி. அதுக்குக் கணக்கே வேற" என்றார்.

அதே வாரம் ஸ்வேபி ஒரு மூட்டை முட்டைக்கோஸ் அனுப்பி வைத்தான். வாசலிலேயே கிடந்து அழுகியது. அவன் ஜீப்புக்கு முன்னால் புது இரும்புத் தடுப்பு மின்னியது. பார்த்தேன். பார்த்ததோடு சரி. அப்போது எனக்குள் எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

ஜனவரியில் போலீசார் ஹெஸ்டரின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையில் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பேட்டரி உப்பியிருந்ததால் நானே கழற்றி எறிந்தேன். வெறும் துப்பாக்கியை நடைவழி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை. இரண்டு கோப்பைகளில் தேநீர்ப் பை போட்டிருந்தேன். பழக்கம் விடவில்லை. நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தியது.

பீப்.

நடைவழிக்குப் போனேன். துப்பாக்கியின் திரையில் சிவப்பு எண். 47.

பேட்டரி இருக்கும் குழியைத் திறந்து பார்த்தேன். காலி. விரல் விட்டும் பார்த்தேன். கடிகாரத்தில் ஏழு பன்னிரண்டு.

அதற்குப் பிறகு தினமும். பீப்... 47. பதினைந்து விநாடி இருக்கும், அணையும். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அந்தச் சத்தம் வந்த பிறகு அவள் கோப்பைத் தேநீரைக் கழுவுதொட்டியில் ஊற்றுவேன்.

அது என்ன பம்பா? ...சரி. குழாயில் காற்று. ஒன்றுமில்லை, உட்காருங்கள்.

அடுத்த நவம்பர். முதல் வாரம். விடிந்தும் விடியாத நேரம். கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் வின்னி. இரவு அங்கி, மழைக்கால பூட்ஸ். அவளுக்கு அறுபது வயது; உதட்டுச் சாயம் இல்லாமல் அதுவரை அவளை நான் பார்த்ததே இல்லை.

"உள்ள விடு கண்ணு. கதவைச் சாத்து. தாழ்ப்பாள் போடு."

"என்ன ஆச்சு?"

"வேன்."

"என்ன வேன்?"

"வெள்ளை வேன். மூணு நாளா என் வாசல்ல நிக்குது. கரெக்டா ஏழு பன்னெண்டுக்கு வருது. இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள யாருமில்ல. ஆனா கண்ணாடியில உள்பக்கம் ஆவி படியுது... மறையுது... படியுது. யாரோ மூச்சு விடற மாதிரி."

"நம்பர்?"

அவள் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "நம்பர் பிளேட்டே இல்ல. வெறும் தகரம். போலீஸ்காரன் நம்பர் கேட்டான், பாக்கலன்னு சொன்னேன். என்ன கம்பெனி வண்டின்னான், தெரியாதுன்னேன். அதனால இதுல எதுவும் இல்ல கண்ணு. நான் சொன்னது மட்டும்தான் இருக்கு. பின்கதவுல ஒரு பள்ளம்னு சொல்லி வச்சேன். சும்மா... நம்பட்டும்னு. அந்தப் பள்ளம் இருக்கு. நான் கைய வச்சு காட்டின அதே உயரத்துல இருக்கு."

கெட்டில் கொதித்து அடங்கியது.

"அப்ப நீங்க வேனைப் பார்க்கலையா?"

"நான் தூங்கிட்டிருந்தேன். நெவில் வந்து எழுப்பினான். நம்ம ஊரு வண்டிதான், வெளிய போக வேணாம், வெள்ளை வேன்னு சொல்லிடுன்னான்."

"யார் வண்டி?"

"கேக்கல."

"கேட்கலையா?"

"கேட்டா தெரிஞ்சிடுமே கண்ணு."

ஹெஸ்டரின் கோப்பைத் தேநீரை அவளுக்குக் கொடுத்தேன். குடித்தாள். என் போனிலிருந்தே போலீசைக் கூப்பிட்டு, தான் சொன்னது பொய் என்று சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். எங்களுடையது சின்ன ஊர். பூஜ்யக் குற்ற ஊர். அவசரமாக வர மாட்டார்கள்.

மறுநாள் காலை போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "எங்கிட்ட வரல. நெவில் வாசல்ல நிக்குது. மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவன் திரையைப் போட்டுட்டான்."

இரண்டு நாள் கழித்து நெவில் என்னிடம் வந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. மாவட்டத்தின் பாதுகாப்பான கிராமம் என்று ஒரு பித்தளைத் தகடு கொடுக்கப்போகிறார்களாம். பார்வையிட வருகிறார்களாம். வேகக் காவல் நடப்பதாகக் காட்ட வேண்டுமாம். "ஹெஸ்டர் இடத்துல நீ நின்னா நல்லாருக்கும் தம்பி. அவ ஞாபகமா. வியாழக்கிழமை காலைல. ஏழு மணிக்கே போயிடலாம்."

"ஏழரைதானே வழக்கம்?"

அவர் தரையைப் பார்த்தார். "வீட்டுல இருக்க முடியல."

அந்த வியாழனோடு ஹெஸ்டர் போய்ச் சரியாக ஐம்பத்திரண்டு வாரம். அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் சரி என்றேன். எனக்குத் தகடும் வேண்டாம், வேகமும் வேண்டாம். எனக்கு ஒன்றுதான் வேண்டும். அவள் என்ன சொன்னாள்?

வியாழக்கிழமை. காலை ஏழு மணி. அதே சாலை, அதே பனி. பத்தடிக்கு அப்பால் பால் மாதிரி இருந்தது. அழுகிய கோஸ் வாடை. மேலே எங்கோ வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு போனது, கண்ணில் படவில்லை. வளைவில், முப்பது பலகைக்குப் பக்கத்தில் நின்றோம். என் கார் பின்னால் நின்றது. வின்னி உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். நெவில் அட்டையில் தாளை மாட்டினார்.

புதுத் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஹெஸ்டருடையதைக் கொண்டு போயிருந்தேன்.

"அது உடைஞ்சதாச்சே கண்ணு. பேட்டரிகூட இல்லன்னியே" என்றாள் வின்னி.

"இல்ல."



ஏழு ஐந்து. ஏழு எட்டு. ஒரு வண்டியும் வரவில்லை. நெவில் காலை மாற்றி மாற்றி நின்றார். இஞ்சி பிஸ்கட் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

ஏழு பத்து. வின்னி மெல்லப் பேசினாள். "நெவில்... நான் இங்க இருக்கேன். நீயும் இங்க இருக்க. அப்ப அது இன்னிக்கு யார் வாசலுக்குப் போயிருக்கும்?"

நெவிலின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குள் எல்லாம் ஒட்டியது. மூன்று பேர். மூன்றாவது ஆள். புது இரும்புத் தடுப்பு. ஒரு மூட்டை கோஸ்.

வாத்துகளின் சத்தம் சட்டென்று நின்றது.

என் கையில் துப்பாக்கி சூடானது. பீப். 47. வழக்கமாக அந்த எண்ணிலேயே நிற்கும். அன்று நிற்கவில்லை. 51... 58... 63.

பிறகுதான் இன்ஜின் சத்தம் கேட்டது. பனிக்குள் இரண்டு விளக்குகள். பச்சை ஜீப். ஸ்வேபி முன்னால் பார்க்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. எங்களை அவன் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

வளைவில் வண்டி திரும்பவில்லை. பலகையை முறித்துக்கொண்டு கரையைத் தாண்டியது. தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பெரிய கதவு ஒன்றை யாரோ மெதுவாகச் சாத்திய மாதிரி இருந்தது.

அவனுக்குப் பின்னால் சாலை காலியாக இருந்தது.

துப்பாக்கியை நான் இன்னும் இறக்கவில்லை.

பீப். 30.

சரியாக முப்பது. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. எதுவும் தெரியவில்லை. டீசல் வாடை வந்தது. முழங்கால் உயரத்தில் வெதுவெதுப்பான காற்று போனது. சாலையோரப் புல் வரிசையாகச் சாய்ந்து எழுந்தது. நெவில் கையிலிருந்த தாள் படபடத்தது. பிறகு எங்களுக்கு நேர் எதிரே, மூன்றடி தூரத்தில், ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுக்கும் சத்தம் கேட்டது.

நெவிலின் பேனா தாளிலிருந்து தூக்கியபடியே இருந்தது. தான் தூக்கியதுகூட அவருக்குத் தெரியாது.

"கயிறு!" என்று வின்னி கத்தினாள். "கண்ணு, உன் கார்ல கயிறு இருக்குமே!"

இருந்தது. உங்கள் எல்லோர் வண்டியிலும் இருக்கிற அதே ஆரஞ்சுக் கயிறு. அந்த வடிகாலின் ஆழம் எனக்குத் தெரியும். இரண்டரை மீட்டர் தண்ணீர், ஒரு மீட்டர் சேறு. ஜீப்பின் கூரை அப்போதும் வெளியே தெரிந்தது. எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிற மாதிரியே எனக்கும் தெரியும்.

நான் நெவிலைப் பார்த்தேன். "ஹெஸ்டர் என்ன சொன்னா?"

"தம்பி... கயிற எடு தம்பி..."

"என்ன சொன்னா?"

"மனுஷன் முழுகறான்டா! நம்ம ஆளுடா!"

"தெரியும். என்ன சொன்னா?"

வின்னி என் காரை நோக்கி ஓடினாள். பூட்டியிருந்தது. எங்கள் ஊரில் காரைப் பூட்டுகிறவன் நான் ஒருவன்தான், அது ஹெஸ்டர் பழக்கிய பழக்கம். சாவி என் கோட்டுப் பையில். வின்னி கண்ணாடியைக் கையால் அடித்தாள். எதிரே அந்த இன்ஜின் கொஞ்சம் உறுமியது. நெவிலின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளிப்பக்கம். மறைந்தது. மறுபடி படிந்தது.

அவர் சொன்னார்.

முழுவதும் சொன்ன பிறகுதான் நான் சாவியை எடுத்தேன். கயிற்றை எறிந்தேன். பிடிக்க ஆள் இல்லை. மதியம் கிரேன் வந்து ஜீப்பைத் தூக்கியது. ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. போலீஸ் என்னிடம் கேட்டது. கைகள் விறைத்துவிட்டன, சாவி கிடைக்கவில்லை என்றேன். வின்னி என்னைப் பார்த்தாள். அவளும் அதையே சொன்னாள். நெவிலும் அதையே சொன்னார்.

நானும் அந்த ஊர்க்காரன்தானே.

மறுநாள் காலை நிழற்குடையில் கூட்டம். கண்ணாடி பூட்டியபடி இருந்தது, சாவி நெவிலின் இடுப்பில். உள்ளே தாளில் பூஜ்யம் இல்லை. 1. பச்சை மை. ஒன்றுக்குக் கீழே சின்னதாய் ஒரு படுக்கைக் கோடு போடுவாள் ஹெஸ்டர். அந்தக் கோடு இருந்தது. நெவில் தாளை மாற்றினார். அடுத்த நாளும் 1. இப்போது மாற்றுவதை விட்டுவிட்டார். தகடு வரவில்லை.

வேன் வின்னியிடம் வருவதில்லை. நெவிலிடமும் வருவதில்லை.

என் வாசலுக்கு வருகிறது. ஏழு பன்னிரண்டுக்கு. நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அலமாரியில் துப்பாக்கி பீப் என்கிறது. 47 போய்விட்டது. திரையில் 0. நிற்கிற வண்டி அல்லவா. பக்கத்து இருக்கைக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. நேற்று இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. நான் வெள்ளை வேன் என்று யாரிடமும் சொன்னவன் இல்லை. அந்தத் தாளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னவன்.

நெவில் சொன்னது இதுதான். அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"சத்தம் கேட்டு அட்டையும் கையுமா ஓடினேன் தம்பி. ஸ்வேபி வண்டிய நிறுத்தி இறங்கிப் பாத்தான். என்னையும் பாத்தான். ஏறிப் போயிட்டான். அவளுக்கு உயிர் இருந்துச்சு. பேசினா. நல்லா தெளிவா பேசினா. உன் பேரு இல்ல தம்பி... உன் பேரைச் சொல்லல. என் கையில இருந்த தாளைத்தான் பாத்தா. 'நாப்பத்தேழு, பச்சை ஜீப், எழுதிக்கோங்க'ன்னா. எழுதறேம்மான்னு சொல்லிட்டுப் பக்கத்துல முட்டி போட்டேன். என் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தா. அது... அது தூக்கியிருந்துச்சு தம்பி. நான் தூக்கல, அதுவா தூக்கியிருந்துச்சு. கண்ணு பேனா மேலயே இருந்துச்சு. அப்புறம்தான் கடைசியா அதைச் சொன்னா."

கடைசியாக அவள் சொன்னது:

"நெவில்... நீங்க இன்னும் எழுதலையே."